ஒற்றைத் தண்டவாளமும் நகரத் தெருவும்: மொனோறெயில், இலகு ரயில் ஆகியன பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நகரப் போக்குவரத்துச் சாதனங்களின் வரலாறு எம்மிடையே பெரும்பாலும் பொறியியலாளருக்குரிய பொருளாகவே விடப்பட்டுள்ளது. சமூக வரலாற்றை ஆராய்வோர் அதனை எட்டி நின்றே நோக்குவர். மொனோறெயில் எனப்படும் ஒற்றைத் தண்டவாள ரயிலும் இலகு ரயிலும் ஒப்பிடப்படும் போதெல்லாம் வேகம், கொள்ளளவு, ஒரு கிலோமீற்றருக்கான செலவு என்பன நிரல்படுத்தப்பட்டு அட்டவணையொன்று தரப்படுவது வழக்கம். அத்தகைய அட்டவணைகள் பயனற்றவை என்பது எமது கருத்தன்று. ஆயின், 1988 ஆம் ஆண்டில் சிட்னி நகரம் பெருமையோடு திறந்துவைத்த மொனோறெயிலை இருபத்தைந்து ஆண்டுகளில் அந்நகரமே ஏன் கழற்றி அகற்றியது என்பதையோ, 1961 ஆம் ஆண்டில் தான் ஒழித்துக்கட்டிய ட்ராம் வண்டியை மீண்டும் தனது பிரதான வீதிக்கு ஏன் அழைத்து வந்தது என்பதையோ அவ்வட்டவணைகள் விளக்கமாட்டா. இவ்விரு சாதனங்களையும் வேறுபடுத்துவது முதலாவதாகத் தெருவின் உடைமை பற்றிய வினா. இரண்டாவதாகத் தொழில்நுட்பத்தின் உடைமை பற்றிய வினா. இவ்விரண்டையும் வரலாற்றுச் சான்றுகளின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும். கொழும்பு நகரத்தவர்க்கு இவ்வாராய்ச்சி வெறும் அறிவுப் பொழுதுபோக்கன்று என்பது கட்டுரையின் பிற்பகுதியிற் புலனாகும்.

முதற்கண் சாதனங்களைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நன்று. மொனோறெயிலில் இரு வகைகள் உண்டு. ஒன்று, தலைக்கு மேலே செல்லும் பாதையிலிருந்து பெட்டி தொங்கிக்கொண்டு செல்வது. மற்றது, குதிரை மீது ஏறி அமர்பவன் இரு பக்கமும் காலிட்டு அமர்வது போல, அகன்ற கொங்கிறீற்று உத்தரமொன்றின் மீது பெட்டி கவிந்து, இறப்பர்ச் சில்லுகளால் ஓடுவது. இன்று உலகிற் பெருவழக்காக உள்ளது இரண்டாவது வகையே. இவ்வுத்தரம் தரையில் அமையுமாயின் தெருவை ஒரு சுவர் போல இரண்டாகப் பிளந்துவிடும். ஆகவே அது தூண்களின் மீதே செல்லவேண்டும். இலகு ரயிலோ ட்ராம் வண்டியின் வழித்தோன்றல். அது தெருவின் மட்டத்தில் பதித்த சாதாரண இரட்டைத் தண்டவாளத்தில் ஓடவல்லது. வேண்டுமிடத்துத் தூண்களின் மீதும் சுரங்கத்தின் உள்ளும் ஓடவல்லது. பாதை பிரியுமிடத்து இரு மெல்லிய உருக்கு நாக்குகள் சில அங்குலம் நகர்ந்தாற் போதும். மொனோறெயிலிலோ பல தொன் எடையுள்ள உத்தரமே நகர்ந்து அல்லது வளைந்து கொடுக்கவேண்டும். இவ்வொரு காரணத்தினாலேயே மொனோறெயிற் பாதைகள் கிளைவிட்டுப் பரவுவது அரிதாகி, தனிக் கோடாகவோ வளையமாகவோ நின்றுவிடுகின்றன.

ஒற்றைத் தண்டவாளம் என்னும் எண்ணம் ரயிலளவு பழைமையானது. இங்கிலாந்தில் ஹென்றி பாமர் என்னும் பொறியியலாளர் 1821 இல் இதற்கு உரிமம் பெற்றார். 1825 இல் செஷண்ட் என்னுமிடத்திற் குதிரை இழுக்கும் மொனோறெயில் ஒன்று செங்கல் ஏற்றியது. அயர்லாந்தில் லிஸ்டோவெல், பாலிபனியன் ஆகிய ஊர்களை இணைத்து 1888 முதல் 1924 வரை ஓடிய நீராவி மொனோறெயில், பொதிமாட்டின் இரு புறமும் சுமை தொங்குவது போலத் தண்டவாளத்தின் இரு புறமும் சமனாகப் பாரம் ஏற்றப்படவேண்டிய ஒன்று. ஒரு புறத்தில் பியானோ ஒன்றை ஏற்றியபோது மறுபுறத்தில் இரு கன்றுகளை ஏற்றவேண்டியிருந்தது என அங்கு கதை சொல்வர். கதை எவ்வாறாயினும், தரையிலிருந்து இடுப்பளவு உயரத்திற் சென்ற அத்தண்டவாளத்தைக் கடப்பதற்கு வழிதோறும் தூக்குப் பாலங்கள் அமைக்க நேர்ந்தது என்பது உண்மை. நிலத்திற் செல்லும் ஒற்றைத் தண்டவாளம் மனிதருக்கு இடையூறு என்பது அன்றே தெளிவாயிற்று.

தென்னிந்தியாவும் இவ்வரலாற்றிற்குப் புறம்பானதன்று. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில், குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டொப் ஸ்டேஷன் வரை 1902 ஆம் ஆண்டில் மொனோறெயில் ஒன்று அமைக்கப்பட்டது. சிறு சில்லுகள் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓட, பக்கத்திற் பொருத்தப்பட்ட பெருஞ்சில்லு தரையில் உருண்டு சமநிலை பேண, எருதுகள் அதனை இழுத்தன. தமிழகத்திலிருந்து மலையேறிய தொழிலாளர் கொய்த தேயிலை அவ்வழியே சென்று, பின்னர் கம்பிவடத்தில் இறங்கிப் போடிநாயக்கனூரை அடைந்தது. 1908 இல் அத்தோட்ட முதலாளிகளே அதனை நீக்கிவிட்டு இரண்டடி அகலமுள்ள சாதாரண இரட்டைத் தண்டவாளத்தை இட்டனர். 1924 ஆம் ஆண்டு வெள்ளம் அதனையும் அழித்தது. ஒற்றைத் தண்டவாளம் இரட்டைத் தண்டவாளத்திற்கு இடம் விட்ட கதை மூணாற்று மலையில் ஆறே ஆண்டுகளில் நடந்து முடிந்தது! இலாபத்தைத் தவிர வேறெதனையும் கணக்கிடாத தோட்டக் கம்பனி எடுத்த முடிவு அது என்பது கவனிக்கத்தக்கது.

மொனோறெயிலின் முதல் நகர வெற்றி ஜேர்மனியின் வூப்பர்டால் ஆகும். 1901 மார்ச் மாதத்திற் பயணிகளுக்குத் திறக்கப்பட்ட அத்தொங்கு ரயில் இன்றும் ஓடுகிறது. 13.3 கிலோமீற்றர் நீளமான அப்பாதையின் பெரும்பகுதி வூப்பர் ஆற்றுக்கு மேலாகவே செல்கின்றது. ஒடுங்கிய பள்ளத்தாக்கில் நெசவாலைகளும் குடியிருப்புகளும் நெருங்கி நிற்க, தண்டவாளம் இடுவதற்கு எஞ்சியிருந்த வெற்றிடம் ஆற்றின் மேற்பரப்பு மட்டுமே. அந்நகரம் தெருவைத் தவிர்க்கவில்லை; அங்கு வேறு தெரு இருக்கவில்லை. பின்வந்த மொனோறெயில் ஆதரவாளர் வூப்பர்டாலைச் சான்று காட்டும்போது இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி ட்ராம் வண்டியின் காலம். சென்னையில் 1895 இல் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது. கொழும்பில் அந்நூற்றாண்டின் முடிவில் பூஸ்டெட் சகோதரர் கம்பனி கோட்டைப் பகுதியிலிருந்து கிராண்ட்பாஸ், பொரளை ஆகிய இடங்களுக்குப் பாதை இட்டது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவை யாவும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன: சென்னையில் 1953, கொழும்பில் 1960, சிட்னியில் 1961. ஐக்கிய அமெரிக்காவில் ஜெனரல் மோட்டோர்ஸ் முதலிய நிறுவனங்களின் பணத்தில் இயங்கிய நஷனல் சிற்றி லைன்ஸ் பல நகரங்களின் ட்ராம் சேவைகளை வாங்கி அவற்றைப் பஸ் சேவைகளாக மாற்றியதும், பஸ்களையும் உபகரணங்களையும் விற்பதில் ஏகபோகம் பெறச் சதி செய்தமைக்காக இந்நிறுவனங்கள் 1949 இல் நீதிமன்றத்திற் குற்றவாளிகளாகக் காணப்பட்டதும் பலரறிந்த செய்திகள். ட்ராமின் வீழ்ச்சிக்கு இச்சதியே முழுக் காரணம் எனக் கூறும் முற்போக்காளரும் உளர். அவ்வாறு கொள்வது மிகைப்படுத்தலாகும். கட்டணத்தை உயர்த்த முடியாது தேய்ந்துகொண்டிருந்த கம்பனிகள், பழுதடைந்த பாதைகள், தெருவை நிறைத்த தனியார் மோட்டார் வண்டிகள் என்பன சதிக்கு முன்னரே அதனை நலிவுறச் செய்துவிட்டன. சதியாளர் இறந்துகொண்டிருந்த ஒன்றின் உடைமைகளைப் பங்கிட்டனர் எனலாம். எவ்வாறாயினும் விளைவு ஒன்றே: தெரு மோட்டார் வண்டிக்குச் சொந்தமாயிற்று.

மொனோறெயில் மறுபிறப்பெடுத்த காலமும் இதுவே என்பது தற்செயல் நிகழ்ச்சியன்று. சுவீடிஷ் கோடீஸ்வரரான அக்செல் வெனர்-கிரென் தமது பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அல்வெக் என்னும் நிறுவனத்தை அமைத்து, ஜேர்மனியின் கேள்ன் நகருக்கு அருகே 1952 முதல் கவிந்தோடும் மொனோறெயிலைப் பரிசோதித்தார். அது முதலில் மக்கள் கண்ணிற்பட்ட இடங்கள் யாவை? 1959 இல் டிஸ்னிலாண்ட் என்னும் கேளிக்கைப் பூங்கா. 1961 இல் தூரின் கண்காட்சி. 1962 இல் சியாற்றில் உலகக் கண்காட்சி. தொழிலுக்குச் செல்லும் மக்களை ஏற்றுவதற்கு முன்னர் அது வேடிக்கை பார்க்க வந்தோரை ஏற்றியது. 1963 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு ஏறத்தாழ 43 மைல் நீளமான பாதையைத் தன் செலவிலேயே கட்டித் தருவதாக அல்வெக் முன்வந்ததும், அந்நகர ஆட்சியாளர் அதனை ஏற்காததும் இன்றும் மனத்தாங்கலோடு நினைவுகூரப்படுகின்றன. 1964 இல் தோக்கியோ ஒலிம்பிக் விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்னர் ஹனேடா விமான நிலையத்தை நகரோடு இணைத்த மொனோறெயில், அல்வெக்கின் உத்தியை ஹிற்றாச்சி நிறுவனம் கையேற்றதன் பேறாகும். கரையோரக் கால்வாய்களின் மீது பெரும்பகுதி சென்ற அப்பாதை, நிலம் வாங்கும் தொல்லையின்றி விரைவிற் கட்டப்பட்டது. தோக்கியோவிலும் வூப்பர்டாலிலும் நீர்ப்பரப்பே மொனோறெயிலுக்கு வழிவிட்டது.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். இலகு ரயில் என்னும் பெயர் 1972 ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசுப் போக்குவரத்து நிர்வாகத்தில் உருவாயிற்று. ட்ராம் என்ற சொல்லும் அதன் அமெரிக்க வழக்குகளும் பழைமையின் வாடை கொண்டிருந்தமையாற் புதுப்பெயர் வேண்டப்பட்டது. பழைய பண்டத்திற்குப் புதிய சீட்டு ஒட்டப்பட்டது என இதனை ஏளனம் செய்தோரும் உண்டு. அவ்வேளனத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் பிரான்சில் நிகழ்ந்தது பெயர் மாற்றத்திலும் பெரியது. 1958 இல் ட்ராமை ஒழித்த நாந்த் நகரம் 1985 இல் அதனை மீட்டது. அத்திட்டத்தைத் தொடக்கிய சோஷலிஸ்ட் நகரபிதா அலென் ஷெனார் 1983 தேர்தலிற் பதவியிழந்தார். ட்ராம் எதிர்ப்பு அத்தோல்விக்கு ஒரு காரணமாயிற்று. ஸ்ட்ராஸ்பூரில் 1989 ஆம் ஆண்டு நகரசபைத் தேர்தலே இவ்வினாவைச் சுற்றி அமைந்தது. வணிகர் பலர் நிலத்தடியிற் செல்லும் தானியங்கி ரயிலை வேண்டினர். கதரின் திரோத்மன் தெருமட்டத்து ட்ராமை முன்வைத்து வென்றார். 1994 இல் ட்ராம் ஓடியது. நகர நடுவிலிருந்து கடந்து செல்லும் மோட்டார் வண்டிகள் விலக்கப்பட்டன. அங்கு விவாதத்திற்குரியதாயிருந்தது ரயில் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. மக்கள் ரயிலேறுவதற்காகக் கார் தன் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்பதே. நிலத்தடிக்கு அனுப்புவதும் தூண்மேல் ஏற்றுவதும் இவ்வகையில் ஒரே அரசியலின் இரு வடிவங்கள்.

இவ்வரசியல் மிகத் தெளிவாக வெளிப்பட்ட இடம் சிட்னி ஆகும். ஒரு காலத்தில் அந்நகரம் உலகின் பெரிய ட்ராம் வலையமைப்புகளுள் ஒன்றைக் கொண்டிருந்தது. 1945 ஆம் ஆண்டில் 400 மில்லியனுக்கு மேற்பட்ட பயணங்கள் அதில் நிகழ்ந்தன. 1961 பெப்ரவரியில் கடைசி ட்ராம் ஓடி முடிந்தது. அவுஸ்திரேலியாவில் வெள்ளையர் குடியேறிய இருநூறாவது ஆண்டு நிறைவை ஒட்டி, கைவிடப்பட்ட துறைமுகப் பகுதியாகிய டார்லிங் ஹாபர் கடைத்தொகுதிகளும் மாநாட்டு மண்டபங்களும் கொண்ட களியாட்டத் தலமாக மாற்றப்பட்டபோது, அதனை நகர நடுவோடு இணைக்கும் சாதனம் தேவைப்பட்டது. இலகு ரயில் திட்டமொன்றும் அப்போது முன்வைக்கப்பட்டது. மாநில அரசோ ரி.என்.ரி. என்னும் போக்குவரத்து நிறுவனத்தின் மொனோறெயிலைத் தெரிந்தது. 1988 ஜூலையில் 3.6 கிலோமீற்றர் வளையமாக அது திறக்கப்பட்டது.

வளையம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒற்றை உத்தரத்தில் ஒரே திசையிற் சுற்றிய அம்மொனோறெயிலில், ஒரு நிலையம் பின்னோக்கிச் செல்ல விரும்பியவர் ஏறத்தாழ முழுச் சுற்றையும் சுற்றவேண்டும். பிற் வீதியிலும் மார்க்கற் வீதியிலும் பழைய கட்டடங்களின் முதல் மாடிச் சன்னல்களுக்கு எதிரே தூண்களும் உத்தரமும் சென்றன. நகர மக்கள் கூட்டம் கூடியும் ஊர்வலம் சென்றும் எதிர்த்தனர். ஆனால் கீழே தெருவில் ஒரு காருக்கேனும் இடம் குறையவில்லை. அரசுக்கு அதுவே அத்திட்டத்தின் சிறப்பு. பயணி படியேறி மேலே செல்ல, கார் தன் வழியே செல்லும். எவர் வசதியும் குலையாது எனத் தோன்றும். குலைந்தது பயணியின் வசதி மட்டுமே. முதியோருக்கும் குழந்தையைத் தூக்கி வருவோருக்கும் ஒரு மாடிப் படி எத்தகைய தடை என்பதை எந்த அட்டவணையும் காட்டுவதில்லை.

1997 இல் பழைய சரக்கு ரயிற் பாதையொன்றைப் பயன்படுத்தி இலகு ரயில் சிட்னிக்கு மீண்டது. சில ஆண்டுகள் மொனோறெயிலும் இலகு ரயிலும் ஒரே தனியார் கம்பனியின் கையில் இருந்தன. 2012 இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு அக்கம்பனியை 19.8 மில்லியன் டொலருக்கு வாங்கியது, 2013 ஜூன் 30 ஆம் திகதி மொனோறெயில் கடைசியாக ஓடியது, தூண்கள் அகற்றப்பட்டன. இலகு ரயிலோ 2014 இல் டல்விச் ஹில் வரை நீண்டது. 2019 டிசம்பரில் ஜோர்ஜ் வீதி வழியே ரண்ட்விக்குக்கும் 2020 ஏப்ரலில் கிங்ஸ்போர்ட்டுக்கும் புதிய பாதைகள் திறக்கப்பட்டன. ஒரு காலத்தில் ட்ராம் ஓடிய, பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் காரும் பஸ்ஸும் நெருக்கிய ஜோர்ஜ் வீதியின் பெரும்பகுதி இன்று நடப்போருக்கும் இலகு ரயிலுக்கும் உரியதாகியுள்ளது.

இதனைப் புகழ்மாலையாக முடித்துவிடல் நேர்மையாகாது. 1.6 பில்லியன் டொலர் என முதலில் மதிப்பிடப்பட்ட அப்பாதைகளின் செலவு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. வீதிக்கு அடியிற் புதைந்திருந்த குழாய்களும் கம்பிகளும் பற்றிய பிணக்கு நீதிமன்றம் வரை சென்று, அரசு ஒப்பந்தக்காரருக்கு 576 மில்லியன் டொலர் கொடுத்துத் தீர்த்தது. வீதி ஆண்டுக்கணக்கில் தோண்டிக் கிடக்கச் சிறு கடைக்காரர் பலர் நட்டமடைந்தனர். தெருவை மீட்டெடுப்பதற்குரிய விலையைச் சிறியோரே முதலிற் செலுத்தினர் என்பதை முற்போக்காளர் மறைக்கலாகாது. தூணின் மேற் செல்லும் மொனோறெயில் இத்தோண்டலைப் பெருமளவு தவிர்க்கும் என்பது அதன் ஆதரவாளரின் வலுவான வாதம், அது பொய்யன்று.

இரண்டாவது வினாவாகிய தொழில்நுட்ப உடைமைக்கு வருவோம். இரட்டைத் தண்டவாளத்தின் 1,435 மில்லிமீற்றர் அகலம் எவருடைய உரிமமும் அன்று. ஒரு வகையில் அது மனித குலத்தின் பொதுச் சொத்து. மொனோறெயில் உத்தரத்தின் அகலமும் வடிவமும் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். ஒரு நிறுவனத்தின் வண்டி மற்றொன்றின் உத்தரத்திற் பொருந்தாது. இதன் பொருளை மும்பை மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனமும் மலேசியாவின் ஸ்கோமி நிறுவனமும் இணைந்து அமைத்த மும்பை மொனோறெயில் 2014 பெப்ரவரியில் ஓடத் தொடங்கியது. 2019 இல் இரண்டாவது பகுதி சேர்ந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றராயிற்று. 2017 நவம்பரில் ஒரு வண்டி தீப்பற்ற, பல மாதங்கள் சேவை நின்றது. 2018 இறுதியில் ஒப்பந்தம் முறிக்கப்பட்டபோது, அவ்வுத்தரத்தில் ஓடவல்ல வண்டியை ஆக்கித் தரும் வேறு நிறுவனம் உடனடியாக இருக்கவில்லை. பழுதான வண்டியின் உறுப்புகளைக் கழற்றி ஓடும் வண்டியிற் பொருத்தும் நிலை ஏற்பட்டது. பின்னர் ஹைதராபாத்தின் மேதா நிறுவனம் புதிதாக வண்டிகள் ஆக்கும் பொறுப்பை ஏற்றது. 2025 ஆகஸ்ட் 19 அன்று, பெருமழையால் புறநகர் ரயில் நின்றமையாற் கூட்டம் மொனோறெயிலை மொய்க்க, அளவுக்கு மீறிய பாரத்தோடு வண்டியொன்று தூண்களின் நடுவே மின்னிணைப்பு அறுந்து நின்றது. 500 க்கும் மேற்பட்டோர் தீயணைப்புப் படையின் ஏணிகள் மூலம் இறக்கப்பட்டனர். அடுத்த மாதம், புதுப்பிப்பதற்கெனச் சேவை நிறுத்திவைக்கப்பட்டது.

இதனோடு சிட்னியில் நிகழ்ந்ததொன்றை ஒப்பிடுக. 2021 நவம்பரில் அந்நகரின் ஓர் இலகு ரயிற் பாதையில் ஓடிய ஸ்பானிய வண்டிகளில் வெடிப்புகள் காணப்பட்டு அவை யாவும் நிறுத்தப்பட்டன. பழுது மிகக் கடுமையானது. ஆயினும் 2022 தொடக்கத்தில் மற்றப் பாதையில் ஓடிய பிரெஞ்சு நிறுவனத்தின் வண்டிகள் சில இரவலாக இப்பாதைக்குக் கொணரப்பட்டுச் சேவை மீண்டது. இலகு ரயில் வண்டியும் பழுதாகும்; ஆனால் அதன் தண்டவாளம் பிறிதொருவர் வண்டியையும் ஏற்கும்.

இக்கூற்றுக்கும் எல்லை உண்டு. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் சீனக் கடனும் சீன நிறுவனமும் கொண்டு 2015 இல் திறக்கப்பட்ட இலகு ரயிலின் 41 வண்டிகளுட் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே உதிரிப்பாகமின்றி முடங்கின. தண்டவாளம் பொதுவாயிருந்தும், அந்நியச் செலாவணி இல்லாத நாட்டிற்கு உதிரிப்பாகச் சந்தை திறந்திருந்தென்ன, மூடியிருந்தென்ன? மறுபுறம், மலையும் ஆறும் நெருக்கிய சீன நகரமாகிய சொங்கிங் 2005 முதல் மொனோறெயிலைப் பெரும் வெற்றியோடு நடத்துகின்றது. இறப்பர்ச் சில்லு செங்குத்தான ஏற்றத்தை எளிதிற் கடக்கும். அங்கும் தொடக்கம் யப்பானியக் கடனும் ஹிற்றாச்சியின் உத்தியுமே. ஆனால் சீனம் உத்தியைக் கற்று வண்டிகளைத் தன் ஆலைகளிலேயே ஆக்கியது. நிலவமைப்பு இடங்கொடுத்து, உற்பத்தியும் கைவசமாகுமாயின் மொனோறெயில் இழிந்த சாதனம் அன்று. அவ்விரண்டும் இல்லாத நாடு அதனை வாங்கும்போதுதான் நெருக்கடி தொடங்குகின்றது.

கொழும்புக்குத் திரும்புவோம். இந்நகரின் ட்ராம் வெறும் ஊர்தியாக இருந்ததில்லை. 1929 ஆம் ஆண்டு ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் ட்ராம் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றின் திருப்புமுனைகளுள் ஒன்று. தெருவிற் கலகம் மூண்டு, பொலிசாரின் துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் பலியாயின. அவ்வாண்டிலேயே முதலாளிமார் தமக்கெனச் சம்மேளனம் அமைத்துக்கொண்டு, தொழிற்சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் செய்ய நிர்ப்பந்திக்கப்பட்டனர். சாரதியும் நடத்துநரும் பயணியும் வழிப்போக்கரும் ஒரே தெருமட்டத்தில் முகம் பார்த்து நின்றமையாலேயே ட்ராமில் மூண்ட பிணக்கு நகரின் பிணக்காயிற்று. 1944 இல் ட்ராம் மாநகர சபையின் உடைமையாயிற்று. 1950 களில் ட்ரொலி பஸ்கள் வந்தன. 1960 இல் ட்ராம் நின்றது. தனியார் கம்பனியிடமிருந்து மக்களின் உடைமையாக்கப்பட்ட ஒன்றை மக்களின் சபையே பதினாறு ஆண்டுகளில் மூடியது. அக்காலத்தில் அது முன்னேற்றமெனவே கருதப்பட்டது.

அரை நூற்றாண்டின் பின்னர் யப்பானிய சர்வதேச ஒத்துழைப்பு முகவரகத்தின் துணையோடு 2014 இல் நிறைவுற்ற கொழும்புப் பெருநகரப் போக்குவரத்து ஆய்வு, மாலபேயையும் கோட்டையையும் இணைக்க மொனோறெயிலை முன்வைத்தது. 2015 ஆட்சி மாற்றத்தின் பின் மொனோறெயில் கைவிடப்பட்டு, அதே வழிக்கு இலகு ரயில் தெரியப்பட்டது. கோட்டையிலிருந்து பொரளை, இராஜகிரிய, பத்தரமுல்லை ஊடாக மாலபே வரை 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள். 2019 மார்ச்சில் 30 பில்லியன் யென் முதற்கட்டக் கடனுக்கான ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. வட்டி நூற்றுக்கு 0.1, மீளளிப்புக் காலம் 40 ஆண்டுகள். யப்பானிய நிறுவனங்களிடம் ஒரு பகுதியைக் கொள்வனவு செய்யவேண்டும் என்னும் நிபந்தனையும் அவ்வகைக் கடனில் அடங்கும். குறைந்த வட்டி தானமன்று.

இத்திட்டத்தை ஆதரித்தோர் பலர் கவனியாத ஒன்றை இங்கு சுட்டவேண்டியுள்ளது. கொழும்பு இலகு ரயில், பெயரில் ட்ராமின் வாரிசாயினும், முழுவதும் தூண்களின் மீதே செல்லவிருந்தது. நாந்தும் ஸ்ட்ராஸ்பூரும் எழுப்பிய தெரு பற்றிய வினாவை அது எழுப்பவில்லை. இராஜகிரியவிலும் பத்தரமுல்லையிலும் தெரு கார்களுக்கே உரியதாக இருந்திருக்கும், பயணி படியேறியிருப்பார். ஆகவே மொனோறெயிலிலிருந்து இலகு ரயிலுக்கு மாறியமை முதலாவது வினாவில் எம்மை ஓர் அடியேனும் முன்னே கொண்டுசெல்லவில்லை. இரண்டாவது வினாவில் மட்டுமே அது முன்னேற்றம்: பாதை பின்னர் கிளைவிடலாம், எங்கேனும் தரைக்கு இறங்கலாம், வேறொருவரின் வண்டியை வாங்கலாம். அச்சாத்தியங்கள் சிறியனவல்ல. ஒரு தலைமுறையின் தவறை அடுத்த தலைமுறை திருத்துவதற்கு அவை இடம் விட்டிருக்கும்.

அத்தகைய திருத்தத்திற்கும் இடமின்றிப் போயிற்று. 2020 செப்டெம்பரில், செலவு மிக்கது, கொழும்பு நகருக்குப் பொருத்தமான தீர்வன்று என்னும் காரணம் கூறி, ஜனாதிபதியின் செயலாளரின் கடிதம் ஒன்றின் மூலம் திட்டம் நிறுத்தப்பட்டது. செலவு மிக்கது என்பதில் உண்மையில்லாமலில்லை. ஆனால் அதனிலும் மலிவான எச்சாதனம் மாலபே வீதிக்குத் தரப்படும் என்பதை அன்று எவரும் கூறவில்லை. 2022 இல் நாடு கடனிறுக்க இயலாது நின்றபோது, எரிபொருள் வரிசைகளில் நின்றோர் மின்சார ரயில் இருந்திருப்பின் எனப் பேசிக்கொண்டனர். அவ்வாண்டில் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்திற்கு மேல் மின்சாரமும் நின்ற நாட்கள் உண்டு என்பதையும் கூடவே எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2023 மே மாதத்தில் யப்பான் சென்ற ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, திட்டம் நிறுத்தப்பட்ட விதம் குறித்து அந்நாட்டுப் பிரதமரிடம் வருத்தம் தெரிவித்தார்.

வருத்தம் தெரிவிக்கப்பட்டது கடன் கொடுக்க முன்வந்தவரிடம். கடுவலையிலிருந்து மாலபே வழியாகக் கொள்ளுப்பிட்டி செல்லும் 177 ஆம் இலக்கப் பஸ்ஸின் மிதிபலகையில் நின்று பயணம் செய்வோரிடம் 2014 இல் மொனோறெயில் பற்றியோ, 2016 இல் இலகு ரயில் பற்றியோ, 2020 இல் இரண்டுமில்லை என்பது பற்றியோ எவரும் வாக்குக் கேட்கவில்லை. ஸ்ட்ராஸ்பூரில் அது ஒரு நகரசபைத் தேர்தலின் பொருளாயிருந்தது. கொழும்பு மாநகர சபைத் தேர்தல் எதிலும் அவ்வாறு ஆனதில்லை.